மோகனப்பிரியாவின் மூன்றாவது மெமோ

மோகனப்பிரியாவைப் பற்றி விருத்தாசலத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் பாதி பொய். நடந்தபோது கூடவே இருந்தவன் நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மைக்செட் தொழில். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், திரௌபதி அம்மன் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவன். ஊரார் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கியே காலம் போனதில், மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை. மோகனப்பிரியா மெதுவாகப் பேசுகிறவள்.

ஆம்புலன்ஸில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்த்து, ஆக்சிஜன் வைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் அவள் வேலை. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும். ஊர் வாயில் அவள் ஆம்புலன்ஸ் நர்ஸு. கம்மாபுரம் போகிற வழியில் எங்கள் கிராமம். அவள் அம்மா ராஜம்மாள் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை தேய்க்கிறவர். அச்சிலிருந்து வந்த பிள்ளையாருக்கும் புத்தருக்கும் பிசிறு எடுத்து, ஈரத் துணியால் வழவழப்பாக்கி, அந்தக் கூலியில்தான் மகளைப் படிக்க வைத்தார். மகளுடைய வேலை ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் ஏன் லேட்டு என்று டீச்சர் கேட்டால் மற்ற பிள்ளைகள் வயிற்று வலி என்பார்கள். இவள் மட்டும், "சாம்பார் கொதிக்கலைங்க டீச்சர்" என்று சொல்லி அடி வாங்குவாள். இந்தக் குணத்தோடு ஒருத்தி அரசாங்க வண்டியில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அப்போதே யாராவது யோசித்திருக்கலாம்.

போன வருஷத் தொடக்கத்தில் அவசர ஊர்திகளுக்கான விதிகளைத் திருத்தினார்கள். பழைய விதியில் 'விரைந்து செல்ல வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லி விட்டிருந்தார்களாம். புதியதில் எல்லாவற்றுக்கும் கணக்கு. தாமதமானால் காரணம் எழுத வேண்டும். காரணம் சரியில்லை என்றால் மெமோ. மூன்று மெமோ வந்தால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. நினைவிழந்து கிடப்பவர் யாராக இருந்தாலும் உடனே வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கூட்டம் சேரும் திருவிழா என்றால் ஒரு ஆம்புலன்ஸும் மேற்பார்வைக்கு ஒரு அலுவலரும் வர வேண்டும். நான் இதைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். எழுதுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து போயிருக்கலாம், அவ்வளவுதான்.

முதல் மெமோ பஜ்ஜியால் வந்தது. பெண்ணாடம் பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்கு இளைப்பு. அதே நேரம் கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் சீக்காளிக் குடும்பம் என்று பேச்சு வருமே என்று பயந்து, சைரனை அணைத்துத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இவள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய் மாட்டுக் கொட்டகையில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தாள். பெரியவர் தெளிந்ததும், சம்பந்தம் முடியாமல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'போக்குவரத்து நெரிசல்' என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. இவள் எழுதினாள்: 'மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கும் வரை நோயாளி வர மறுத்தார்.'

இரண்டாவது மங்களூர் பக்கம். கடலோரத்து மங்களூர் இல்லை, எங்கள் மாவட்டத்து மங்களூர். ஒரு பெண்ணுக்குக் கால் முறிவு. எமகண்டத்தில் என் மருமகளைக் கிளப்பக் கூடாது என்று மாமியார் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார். இவள் 'எமகண்டம்' என்று ஒரே வார்த்தை எழுதினாள். வண்டி ஓட்டும் இஜாஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "டிராபிக்குன்னு போட்டா என்னம்மா? டிராபிக்கு வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்று கேட்டார். டிராபிக் இல்லையே பாய் என்றாள் இவள்.

ராஜம்மாளுக்கு விஷயம் எட்டியது. வேலை போய்விட்டால் மகள் மறுபடி பொம்மைத் தூசிக்கே வரவேண்டும் என்ற பயம் அவருக்கு. தொழிற்பேட்டையிலிருந்து நேரே திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய், எம்பொண்ணு வேலையக் காப்பாத்திக் குடு தாயே, தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டார். பகலெல்லாம் விரதம். வாயில் பச்சைத் தண்ணீர்தான்.

சித்திரையில் திருவிழா வந்தது. புது விதிப்படி ஆம்புலன்ஸும் வந்தது. அதில் மோகனப்பிரியாதான் வந்தாள். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு யூனிபார்மில் வந்தவள் அவள் ஒருத்திதான். மேற்பார்வைக்கு மதிவாணன் என்று ஒரு இளம் அலுவலர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல பிள்ளை. படுகளம் என்றால் என்னவென்று மட்டும் தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுகிற நாள்தான் படுகளம். கோயில் திடலில் களிமண்ணால் பனைமர நீளத்துக்கு ஒரு துரியோதனனைப் படுக்க வைப்போம். எங்கள் ஊர் ஆட்களுக்குச் செராமிக் வேலை என்பதால் எங்கள் துரியோதனன் வெள்ளை வெளேரென்று இருப்பான். கூத்தில் துரியோதனன் கட்டுகிறவரும் பீமன் கட்டுகிறவரும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடிபட்டதும் துரியோதனன் அந்த மண் மார்பின் மேல் சாய்ந்து பிணமாகக் கிடக்க வேண்டும். அவிழ்த்த கூந்தலோடு திரௌபதி வந்து, தொடை ரத்தத்தைத் தொட்டுத் தலையில் வைத்துக் கூந்தலை முடிவாள். அதற்குப் பிறகுதான் சாயங்காலம் தீமிதி. கூந்தல் முடியாமல் தீக்குழியில் யாரும் இறங்கக் கூடாது.

எங்கள் துரியோதனன் நல்லமுத்து. செராமிக் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். இருபது வருஷமாக அவருக்கு இந்த வேஷம்தான். விழுந்தால் விழுந்ததுதான், ஈ மொய்த்தாலும் எறும்பு கடித்தாலும் அசைய மாட்டேன் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு வருஷம் மழை கொட்டி ஊரே ஓடியபோதும் திரௌபதி வந்து முடியும் வரை அவர் அப்படியே கிடந்தார்.

அன்றும் விழுந்தார். மதிவாணன் ஓடி வந்தார். மோகனப்பிரியா, இது வேஷம் சார், பாஞ்சாலி வந்தால் எழுந்துவிடுவார் என்று சொன்னாள். சரி, கூப்பிட்டுப் பாருங்கள் என்றார் அவர். கூப்பிட்டாள். பதில் இல்லை. விதிப்படி கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ளினாள். அசைவு இல்லை. நாடி மட்டும் நன்றாக ஓடியது. கூப்பிட்டும் கிள்ளியும் அசையாதவருக்கு விதியில் ஒரே பெயர்தான் இருக்கிறது.

அவள் குனிந்து அவர் காதோடு பேசினாள். மைக் பக்கத்தில் நான் நின்றதால் எனக்குக் கேட்டது.

"அண்ணே, ஒரு வெரல மட்டும் ஆட்டுங்கண்ணே. ஆட்டலைன்னா எம்வேலை போயிடும்."

நல்லமுத்து விரலை ஆட்டவில்லை. பிற்பாடு நான் கேட்டபோது, கேட்டுதுதான், ஆனா துரியோதனன் செத்துட்டானே, செத்தவன் எப்படி வெரல ஆட்டுவான் என்றார். கோபம் வருகிறதா இல்லையா சொல்லுங்கள்.

மதிவாணனுக்கும் சங்கடம். உங்கள் மேல் ஏற்கெனவே இரண்டு மெமோ இருக்கிறதே, நான் என்ன செய்ய என்றார். தீக்குழி ஓரத்தில் மஞ்சள் புடவையில் நிற்கும் அம்மாவை மோகனப்பிரியா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரை இழுத்தாள். கிரீடமும் புஜக்கட்டையும் இடித்துக் கதவு மூடவில்லை. இஜாஸ் பாய் கிரீடத்தைக் கழற்றித் தன் பக்கத்து சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். சைரன் அலற துரியோதனன் போனார்.

திடலில் அமளி. பூசாரி பழமலைநாதன் மண் உருவத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "உசுரு வண்டியில போயிடுச்சு. இது வெறும் மண்ணு. இதுல பாஞ்சாலி கூந்தல முடியக் கூடாது" என்றார். திரௌபதி கட்டியிருந்த அன்பரசன் இடுப்பு வரை கூந்தலை விரித்துப்போட்டு நடுத்திடலில் முழித்துக்கொண்டு நின்றான். வேறு வழியில்லை. அவனை என் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸைத் துரத்தினேன். பாலக்கரையில் சிக்னலில் நின்றபோது பூக்காரப் பெண்கள் கும்பிட்டார்கள். அன்பரசனும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். வேஷத்தோடு இருக்கும்போது வேறு பேச்சு பேசக் கூடாது என்பது கூத்துக்காரர்கள் கட்டுப்பாடு. கொழுந்தன் முறை என்றான் அன்பரசன். எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, எங்க வூட்டுக்காரரு கதையால அடிச்சுட்டாருங்க என்றான். அடிதடி என்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. எழுதுகிறவர் பேனாவை எடுத்தார். அடித்தவர் பெயர் பீமன் என்று ஆனது. அப்பா பெயர் கேட்டபோது அன்பரசன் சற்றுத் தயங்கினான். "பாண்டுன்னு எழுதிக்குங்க. ஆனா பெத்தது வாயுங்க" என்றான். எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உள்ளே ஒரு பெண் டாக்டர் நல்லமுத்துவின் கண்ணில் டார்ச் அடித்து, ஈ.சி.ஜி. எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆள் மட்டும் ஏன் எழவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தார். மோகனப்பிரியா நடந்ததை நடந்தபடி சொன்னாள். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மண்ணில் விழுந்தவர், உடம்பெல்லாம் சிராய்ப்பு, எப்படியும் ஒரு டி.டி. ஊசி போட வேண்டும் என்றார். அன்பரசன் அங்கேயே மண்டி போட்டு, அதத் தொடையில போடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்று கும்பிட்டான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடையிலும் போடலாம்தான் என்றார்.

ஊசியை எடுத்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் செம்பில் குங்குமம் கரைத்துத்தான் ரத்தம் என்று வைத்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் பாஞ்சாலிக்கு நிஜமான ரத்தம் கிடைத்தது. அன்பரசன் விரலால் தொட்டு உச்சியில் வைத்து, கூந்தலைச் சுருட்டி முடிந்தான். பக்கத்துப் படுக்கைப் பாட்டி குலவை போட்டாள். நல்லமுத்து கண்ணைத் திறந்து, டீ கெடைக்குமாங்க என்று கேட்டார். கூத்து என்றால் இது கூத்து.

அந்த நேரத்தில்தான் இஜாஸ் பாய்க்குப் போன் வந்தது. பாய் முகம் மாறியது. மோகனப்பிரியாவைப் பார்த்து, "பாப்பா, ஏறு. அம்மா விழுந்துட்டாங்களாம்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூந்தல் முடிந்த அன்பரசனும் நானும் என் வண்டியில் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது ராஜம்மாள் வேப்பமரத்தடியில் கிடந்தார். கூந்தல் முடிகிற சேதி வராமல், சித்திரை வெயிலில், வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறார். நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். ஊரில் நிறுத்திவைத்த ஒரே ஆம்புலன்ஸ் அப்போது டீ கேட்கிற மனுஷனோடு ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தது. விதிப்படி பயிற்சி இல்லாதவர் யாரும் கிட்டே போகக் கூடாது என்று மதிவாணன் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெண்கள் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ராஜம்மாளை நிழலுக்குத் தூக்கி, மஞ்சத் தண்ணி தெளித்து, வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மதிவாணனும் ஒரு முறத்தை வாங்கி விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை மேல் எனக்கிருந்த கோபம் அங்கே போய்விட்டது.

மோகனப்பிரியா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். அரைக்கண்ணில் விழித்த ராஜம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்றார். விரதம். அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். பூசாரியைத் திரும்பிப் பார்த்து, ட்ரிப்ஸ் ஏத்துனா விரதம் முறியுமா, சீக்கிரம் சொல்லுங்க என்றாள். பழமலைநாதன் கண்ணை மூடி அம்மனைக் கேட்டார். வாய் வழியா எறங்குறதுதான் சோறு, நரம்பு வழியா எறங்குறது மருந்து, தாராளமா ஏத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னார். போனில் டாக்டரும் ஏற்றச் சொன்னார். அம்மனும் டாக்டரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

பாட்டிலை இஜாஸ் பாய் தூக்கிப் பிடித்தார். பாதி இறங்கியதும் ராஜம்மாளுக்கு முகம் தெளிந்தது. தீக்குழிப் பக்கம் கையைக் காட்டினார்.

இப்போது அவரை வண்டியில் ஏற்ற வேண்டும். மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அது மூன்றாவது மெமோ. நோயாளி தெளிவாக மறுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடலாம், ஆனால் அதுவும் வண்டிக்காரர்கள் தப்பாகத்தான் கணக்கில் ஏறும். மோகனப்பிரியா அதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்துடும்மா என்று மட்டும் கெஞ்சினாள். பேரைக் கேட்டாள், கிழமையைக் கேட்டாள், அழுத்தம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நான் வரலை, வேண்டுதலை முடிச்சுட்டுத்தான் வருவேன் என்று ராஜம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கையெழுத்துப் போடும் பலகையை நீட்டினாள்.

ராஜம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதுல போட்டா உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

மோகனப்பிரியா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "ஆவாதும்மா" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்.

ராஜம்மாள் எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதினார். போயிட்டு வரேன் என்றார். ஒரு கையில் காப்பு, அதே கையில் ஊசிக் குழாய், மேலே பிளாஸ்டர். தலையில் கரகத்தோடு பூசாரி முன்னால் இறங்க, பின்னால் அவர் இறங்கினார். ஓடவில்லை. பொம்மை தேய்க்கிற அதே நிதானத்தில் நடந்தார். குழி முடிகிற இடத்தில் கால் நனைக்கப் பால்குழி இருக்கும். அதற்குள் யூனிபார்ம் பேன்ட்டோடு, ஷூவோடு நின்று மோகனப்பிரியா அம்மாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே குனிந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். மைக்கை அணைத்துவிட்டேன். எனக்கும் மரியாதை தெரியும்.

"பொய்தான சொன்ன?" என்றார் ராஜம்மாள்.

அவள் பாதத்தைத் துடைக்கத் தொடங்கினாள். நாடி பிடித்தவள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் எனக்குத் தெரியாதா என்றார் அவர். பிறகு மகள் தலையில் கையை வைத்துச் சொன்னார்.

"உன் வேலைக்குன்னுதான் எறங்கினேன். பாதிக் குழியில மாத்திக்கிட்டேன். எம்பொண்ணு பொய் சொல்லிப் பொழைக்கிற நெலம வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீ போயி நடந்தத எழுது."

மோகனப்பிரியா அழுதாள். நானும்தான். மறைப்பானேன்?

அவள் நடந்ததை எழுதினாள். 'நலமாக இருந்தவரை விதிப்படி ஏற்றிச் சென்றேன். அந்த நேரத்தில் மயங்கியவருக்கு வண்டி இல்லை. திரும்பி வந்து மருந்து ஏற்றினேன். அவர் என் தாய். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துத் தீ மிதிக்கப் போனார். தடுக்க முடியவில்லை.' மூன்றாவது மெமோ அந்த வாரமே வந்தது.

விசாரணைக்கு நானும் சாட்சியாகப் போனேன். பெரிய அதிகாரி அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வேஷக்காரரை வண்டியில் ஏற்றச் சொன்னது நான்தான் சார் என்று மதிவாணன் தானாகவே எழுந்து சொன்னார். அதோடு விஷயம் சிக்கலாகிவிட்டது. சொன்ன அலுவலரையும் விசாரிக்க வேண்டும், விதியில் ஓட்டை இருக்கிறதா என்று திருத்தக் குழுவைக் கேட்க வேண்டும், படுகளம் என்றால் என்ன என்று கோயில் துறையைக் கேட்க வேண்டும். பீமன் மேல் புகார் நிலுவையில் இருக்கிறதா என்றுகூட ஒருவர் கேட்டார். விசாரணை முடியாமல் ஒப்பந்தத்தை நிறுத்த முடியாது என்பதும் புது விதியில்தான் இருக்கிறது. அதனால் அவள் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுவில் விதியையும் திருத்தினார்கள். 'வழிபாட்டு மரபின்படி வீழ்ந்து கிடப்போர் நீங்கலாக. அன்னார் வீழ்வதற்கு முன்பு ஊர்திப் பணியாளர் நாடி பார்த்து உறுதி செய்தல் வேண்டும்.' ஆகவே இந்த வருஷம் படுகளத்தில் துரியோதனனும் பீமனும் சுற்றி ஓடி முடித்ததும் மேளம் நின்றது. நல்லமுத்து கையை நீட்டினார். மோகனப்பிரியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி பிடித்து, சரிண்ணே, இப்ப சாவுங்க என்றாள். அவர் விழுந்தார். மேளம் மறுபடி தொடங்கியது.

தீக்குழி ஓரத்தில் ராஜம்மாள் மறுபடி மஞ்சள் புடவையில் நின்றார். இந்த முறை மகளே மோரும் பழமும் கொடுத்துத்தான் நிறுத்தியிருந்தாள். பூசாரிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. போன வருஷம்தான் மிதித்தாயிற்றே, இந்த வருஷம் என்ன வேண்டுதல் என்று நான் கேட்டேன்.

"அந்த விசாரணை முடியவே கூடாதுன்னுதான்" என்றார் ராஜம்மாள்.